கம்பவுண்டர் கேட்ட கேள்வி

இதை எழுதவே வேண்டாம் என்றுதான் இருந்தேன். கேலி செய்ய இதில் ஒன்றும் இல்லை.

பெங்களூர் கண்டோன்மெண்டில் ஓர் ஆஸ்பத்திரி. சொத்தைப் பல்லோடு வரிசையில் உட்கார்ந்திருந்தேன். எனக்கு முன்னால் ஒரு பெண்ணும் அவளுடைய நாத்தனாரும். பிரசவ வலியில் கடித்து உடைந்த பல்லை அடைக்க வந்திருந்தார்கள்.

கம்பவுண்டர் பெயர் எழுதிக்கொண்டே கேட்டார்.

"குழந்தைக்குப் பால் குடுக்கிறியாம்மா?"

"குடுக்கிறேன் சார்."

"அப்போ மரத்துப்போற ஊசி கிடையாது. பல்லைக் குடையறப்ப உயிர் போகும். தாங்குவியா?"

"தாங்குவேன் சார்."

நான் மனசுக்குள் அவளுக்குப் பயில்வான் பட்டம் கொடுத்தேன். கம்பவுண்டர் உள்ளே போனதும் நாத்தனார் அவள் கையைப் பிடித்தாள்.

"என்ன அண்ணி இது? பெத்த வலிக்கு நர்சம்மா குடுத்த பொடியையும், பால்ல கலந்துடும்னு நீங்க தொடல. அப்போ குழந்தை இருந்தான். இப்ப அவன் போயி பத்து நாளாச்சே! இல்லைன்னு சொல்லுங்க, ஊசி போடுவாங்க."

"பால் இன்னும் நிக்கல ரோஸி. எப்படி இல்லைன்னு சொல்லுவேன்?"

"வலிக்குமே அண்ணி."

"வலிக்கட்டும்."

உள்ளேயிருந்து பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். எழுந்து போனாள்.

சாயங்காலம் இதைச் சிநேகிதனிடம் சொல்லி, ஒரு ஊசிக்காகக்கூட அவள் ஏன் உண்மையைச் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"பிள்ளைங்க எத்தனைன்னு கேட்டா எங்கம்மா இன்னும் நாலுன்னுதான்டா சொல்லும், இருக்கிறது நான் ஒருத்தன்தானே."