அரசர் தப்பிக்காத சுரங்கம்

தலைமை நாற்காலியை அணி செய்து, நான் எப்போது முடிப்பேன் என்று கைக்கடிகாரத்தை இரண்டாம் முறையாகப் பார்த்துவிட்ட அரண்மனைக் காப்பாளர் அம்மையார் அவர்களே! வாசலில் வாடாமல் நிற்கும் காவலர்களே! புல்லுக்கும் பூவுக்கும் பொழுதெல்லாம் பணிசெய்யும் தோட்டக்காரர்களே! நுழைவுச்சீட்டைக் கிழித்துக் கிழித்தே விரல் நுனி தேய்ந்த நண்பர்களே! துடைப்பம் ஏந்தித் தூண்களைத் துலங்க வைக்கும் தாய்மார்களே! "சுருக்கமா முடிங்க" என்று பின்வரிசையிலிருந்து இப்போதே சைகை காட்டும் சக வழிகாட்டிகளே! உங்கள் அனைவரையும் இரு கரம் கூப்பி வணங்குகிறேன். சுருக்கமாக முடிக்க முயல்கிறேன். முடியாது என்பது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

மூன்று அரண்மனைகளை முடியாகச் சூடிய நகரம் நம் நகரம்! குன்றின் மேல் ஒன்று, கோட்டைக்குள் ஒன்று, ஏரிக்கரையில் ஒன்று. அந்த ஏரி அரண்மனையின் முற்றத்தில்தான் இன்று கூடியிருக்கிறோம். எதற்காக? பதினோரு ஆண்டுகள் இந்த முற்றத்தைப் பெருக்கிய பெண்மணி, எந்நேரமும் கையில் வாளியோடு திரிந்ததால் நாம் எல்லோரும் 'வாளியக்கா' என்று அழைக்கும் அந்த அம்மையார், இன்றுமுதல் இதே அரண்மனையின் வழிகாட்டி!

கைதட்டுங்கள், நன்றாகத் தட்டுங்கள். அவரைப் பற்றிப் பேச என்னை அழைத்தீர்கள். ஏன் என்னை? என் பட்டப்பெயர் என்ன? சத்தமாகச் சொல்லுங்கள். ஆம், 'சுரங்கண்ணன்'! அந்தப் பெயர் வந்த கதைதான் அவர் வழிகாட்டி ஆன கதையும்.

இதோ, இந்த முற்றத்தின் மூலையில் ஒரு வாய் திறந்திருக்கிறதே, பார்க்கிறீர்களா? ஐந்து படி கீழே இறங்கினால், மார்பளவு உயரத்தில் ஒரு கல்வழி. இருபது ஆண்டுகள் நான் அதைக் காட்டி முழங்கினேன். "பகைவர் படை சூழ்ந்தது! பறந்தது பரி! அரசியை அணைத்தபடி அரசர் வெள்ளைக் குதிரையில் இந்தச் சுரங்கம் வழியே குன்றின் அரண்மனைக்குத் தப்பினார்!" என்று நான் சொல்லும்போது கண்ணீர் விட்டவர்கள் உண்டு. அவர்களில் நானும் உண்டு.

ஒருநாள் மூக்குக்கண்ணாடி அணிந்த ஓர் ஆசிரியை கையை உயர்த்தினார்.

"ஏங்க, என் மார்பு உயரம்தான் இருக்கு. குதிரை எப்படிங்க உள்ள போச்சு?"

"அந்தக் காலத்துக் குதிரைம்மா. நல்லா பழக்கியிருப்பாங்க. குனிஞ்சு போகும்" என்றேன்.

பின்னால் யாரோ கலகலவென்று சிரித்தார்கள். திரும்பினால் வாளியக்கா.

"அண்ணே, மன்னிச்சுக்கோங்க. அது சுரங்கம் இல்லண்ணே. மழைத்தண்ணி போற வழி. நான் செங்கல் தூள் கரைச்சு இங்க ஒரு வாளி ஊத்திட்டு ஓடிப்போய்ப் பார்த்தேன். எரநூறு எண்ணி முடிக்கறதுக்குள்ள ஏரிப்பக்கம் செவப்பா வந்து விழுது!"

நாற்பது பேர் சிரித்தார்கள். யாரைப் பார்த்து? என்னைப் பார்த்து! இருபது ஆண்டுகள் கட்டிய கோட்டை ஒரு வாளித் தண்ணீரில் கரைந்தது. காது மடல் வரை எனக்குச் சூடேறியது.

அடுத்த மாதமே வாளியக்காவைக் கோட்டை அரண்மனைக்கு மாற்றிவிட்டார்கள். எப்படி மாற்றினார்கள், யார் சொல்லி மாற்றினார்கள் என்பதைப் பிறகு சொல்கிறேன். சொல்லாமல் இந்த மேடையை விட்டு இறங்கமாட்டேன். அவர் போனதும் என் ஆட்டம் கூடிற்று. சுரங்க வாயைப் பலகையால் அடைத்து, அதன்மேல் வேலோடு ஒரு சுண்ணாம்புப் போர்வீரனை நிற்க வைத்தேன். படம் எடுக்க வரிசை நின்றது. நானும் நெஞ்சை நிமிர்த்தி வீரனுக்குப் பக்கத்தில் நின்றேன்.

வந்ததய்யா மழை! சாரல் அல்ல, தூறல் அல்ல, வானமே வாய் பிளந்தது போல் ஒரு மழை. நண்பகலில் முற்றம் குளமானது. அறுபது பார்வையாளர்கள் மாடித் தாழ்வாரத்தில் ஒதுங்கி நின்றார்கள். தண்ணீர் மூன்று படி இறங்கி ஓவியக்கூடத்துக்குள் நுழைந்தது. எந்தக் கூடம்? சுவர் முழுக்க யானை ஊர்வலம் எழுதிய கூடம்! நானூறு ஆண்டுகளாக ஒரு யானையின் கால்நகம்கூட உதிராத கூடம்! தண்ணீர் முழங்காலுக்கு வந்தது. யானைகளின் பாதத்துக்கும் தண்ணீருக்கும் நான்கு விரற்கடைதான் இடைவெளி.

"அண்ணே, தண்ணி எங்கயும் போக மாட்டேங்குது!" என்று காவலர் கத்தினார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. போகிற வழியில் என் வீரன் நிற்கிறானே! ஓடினேன். வீரனைத் தள்ளினேன். பலகையைப் பிடுங்கினேன். தண்ணீர் உள்ளே பாய்ந்தது. பாய்ந்த வேகத்திலேயே திரும்பி மேலே வந்தது. உள்ளே எங்கோ அடைப்பு. எங்கே? மூன்று அரண்மனைகளிலும் அது தெரிந்தவர் ஒருவர். அவர் இருந்ததோ நான்கு கிலோமீட்டர் தள்ளி.

ஸ்கூட்டரை எடுத்தேன். கொட்டும் மழையில் கோட்டை அரண்மனைக்குப் போனேன். வாளியக்கா நடைகூடத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"அக்கா, ஏரி அரண்மனை மூழ்குது!"

"வழியை அடைச்சுட்டீங்களா?"

"திறந்துட்டேன். ஆனா உள்ள அடைச்சிருக்கு."

அவர் வாளியை வைத்தார், கடப்பாரையை எடுத்தார், ஸ்கூட்டரில் ஏறினார். நான் ஓட்ட, அவர் பின்னால் அமர்ந்து கடப்பாரையை நிமிர்த்திப் பிடித்திருக்க, வந்தோமே ஒரு வரவு! எந்த அரசர் வந்தார் அப்படி ஒரு பவனி?

அந்த மழைவழி அடியில் ஓடும் அரசியின் குளியலறைக்குள் நேராகப் போனார். சன்னலிலிருந்து மூன்றாவது கல்லைக் கடப்பாரையால் நெம்பினார். கல்லுக்கு அடியில் ஒரு குழி, குழிக்குள் இரும்புச் சல்லடை. இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, மூச்சைப் பிடித்துக்கொண்டு முங்கினார். எங்கள் மூச்சும் நின்றது. மேலே வந்தவர் கையில் என்ன? இலை, தழை, சாக்கு; அதோடு வீரனைச் செய்தபோது மிச்சமாகி, நான் அந்த வாய்க்குள் தள்ளிவிட்ட சுண்ணாம்புக் கட்டிகள்!

"இது யாரு வேலைண்ணே?" என்றார்.

"அந்தக் குதிரை போட்டிருக்கும்" என்றேன்.

அந்த நிலையிலும் சிரித்துவிட்டார். மூன்றாம் முறை முங்கி எழுந்தபோது, தரைக்கு அடியிலிருந்து உறுமுவது போல் ஒரு சத்தம். தண்ணீர் சுழன்றது, இறங்கியது, ஓடியது! மாடியிலிருந்த அறுபது பேரும் கைதட்டினார்கள். யானைகளின் பாதம் நனையவில்லை.

அப்போது அந்த அறுபது பேரைப் பார்த்து நான் ஓர் உண்மை சொன்னேன். "ஐயா, அம்மா, காலையில் நான் சொன்ன குதிரைக் கதை பொய். உண்மையை இவங்க சொல்வாங்க." வாளியக்கா முந்தானையைப் பிழிந்தபடி பேசினார். "கண்ணுக்கே தெரியாத சரிவுங்க. தண்ணி வேகமா ஓடினா கல்லை அரிச்சிடும்னு நடுவுல மூணு எடத்துல வளைச்சிருக்காங்க. ஏரி நெறைஞ்சாலும் தண்ணி திரும்பி வராது. யாரு கட்டினாங்கன்னு தெரியல. ஆனா கட்டினவங்க மழையில நனைஞ்சு நின்னு பார்த்தவங்க." ஐந்து வரிதான். அதற்கு மேல் ஒரு மணி நேரம் கேள்விமேல் கேள்வி! என் குதிரையை யாரும் இத்தனை கேள்வி கேட்டதில்லை. புதிதாகப் பொறுப்பேற்றிருந்த நம் காப்பாளர் அம்மையார் சொட்டச் சொட்ட நனைந்து வந்து, படியில் நின்றபடியே முழுவதையும் கேட்டார். வாளியக்காவை வழிகாட்டிப் பயிற்சிக்கு அனுப்பினார். வாளியக்கா தேர்வு எழுதினார், வென்றார்.

இனி, சொல்கிறேன் என்று சொன்னதைச் சொல்கிறேன். அவர் மாற்றலாகக் காரணம் ஒரு மொட்டைக் கடிதம். "பார்வையாளரிடம் மரியாதைக் குறைவாகப் பேசுகிறார்" என்று அப்போதிருந்த அதிகாரிக்கு ஒருவன் எழுதினான். அந்த ஒருவன் நான்தான். வாளியக்கா, இத்தனை பேர் முன்னிலையில் உங்களிடம் மன்னிப்புக் கேட்கிறேன்.

என்னம்மா? எழுந்து சத்தமாகச் சொல்லுங்கள்.

"தெரியும்ண்ணே!"

தெரியுமா? எப்படி?

"அந்த ஆபீசர் லெட்டரைக் காட்டினாருண்ணே. 'பார்வையாளர்'னு எழுதறதுல ரெண்டு தப்பு விடற ஆளு இந்த மூணு அரண்மனையிலயும் நீங்க ஒருத்தர்தான். தெனமும் உங்க அறிவிப்புப் பலகையைத் துடைச்சவ நான்."

சிரியுங்கள், நன்றாகச் சிரியுங்கள்! எனக்கு இது தேவைதான். ஆனால் அம்மா, தெரிந்துமா அன்று என் ஸ்கூட்டரில் ஏறினீர்கள்?

"உங்களுக்காகவா வந்தேன்? ஏரி அரண்மனை மூழ்குதுன்னு சொன்னீங்க. வந்தேன்."

அவையோரே! கேட்டீர்களா? அரசர்கள் வந்தார்கள், ஆண்டார்கள், போனார்கள். இந்தக் கல்லையும் காரையையும் காத்து நிற்பது எது? கொடியா? கோட்டையா? கொற்றமா? "மூழ்குதுன்னு சொன்னீங்க, வந்தேன்" என்ற அந்த ஒரு சொல்! கூப்பிட்டவன் யார் என்று பாராத அந்தக் குணம்! அது உள்ளவரை நம் மூன்று அரண்மனைகளும் நிற்கும், நிமிர்ந்து நிற்கும், நெடுங்காலம் நிற்கும்!

வாசலில் இன்றைய முதல் பார்வையாளர் குழு காத்திருக்கிறது. அவர்களை அழைத்துச் செல்லப் புதிய வழிகாட்டி எழுந்துவிட்டார். அந்தக் குழுவில் முப்பது பேர். முப்பத்தோராவது ஆளாக, வாயை மூடிக்கொண்டு, நானும் பின்னால் நடக்கப்போகிறேன். பொறுமையாகக் கேட்ட உங்களுக்கு நன்றி; பொறுத்துக்கொண்ட வாளியக்காவுக்குப் பெருநன்றி. வருகிறேன், வணக்கம்!