அவள் மூச்சு விடும் இடம்

சென்னையில் எலெக்ட்ரானிக் சாமான் விற்கும் ரிச்சி தெருவுக்குக் காலையில் சீக்கிரம் போய்ப் பயனில்லை. கடைகள் திறந்திருக்கும், ஆனால் சாமான் தெரிந்த ஆள் வந்திருக்க மாட்டார். கல்லாவில் இருப்பவருக்கு விலை மட்டும்தான் தெரியும். வெயில் ஏறிய பிறகு போனால்தான் எது நல்ல சாமான், எது எழுத்தை மட்டும் அச்சடித்த சாமான் என்று சொல்லக்கூடியவர் இருப்பார். இது என் கணவருக்குத் தெரியாது. அவருடைய ஆம்ப்ளிஃபயருக்கு வேண்டியதையெல்லாம் காஞ்சிபுரத்திலிருந்து பஸ் ஏறிப் போய் வாங்கி வந்தவள் நான்.

அவர் பெயர் மணிவண்ணன். பெரிய காஞ்சிபுரத்தில் ஒரு பட்டுக்கடையில் விற்பனைக்கு நின்றார். வார நாட்களில் அவருக்கு விடுப்புக் கிடைக்காது. எனக்குக் கிடைக்கும். செவிலிமேட்டில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்திலேயே ஸ்டெபிலைசர் பட்டறை ஒன்று இருக்கிறது. அங்கே காயில் சுற்றும் வேலை எனக்கு. அந்தப் பட்டறையில் பெண்களைச் சேர்க்கும்போது படிப்பைக் கேட்பதில்லை, தார் சுற்றிய கையா என்று கேட்பார்கள். தறிக்கு ஊடை நூலைக் குச்சியில் சுற்றிப் பழகிய விரல், கம்பியை அறுக்காமலும் தொய்யவிடாமலும் இழுக்கும். சின்ன வயதில் பட்டு சுற்றினேன், பிறகு செம்பு சுற்றினேன். இரண்டுக்கும் பொறுமை ஒன்றுதான்.

நான் அவருக்கு இரண்டாம் மனைவி. முதல் மனைவி மஞ்சள் காமாலையில் போய்விட்டாள். அவள் பெயர் நதியா. என் பெயர் எல்லம்மாள். இதிலேயே பாதி முடிந்துவிட்டது என்று கல்யாணமான புதிதில் நினைத்துக்கொள்வேன். ஆனாலும் கூடத்தில் இருந்த அவள் படத்துக்கு வெள்ளிக்கிழமை தவறாமல் பூ வைத்தவள் நான்தான். படத்தின் மேல் எனக்குப் பொறாமை இருந்ததில்லை. படம் வாயைத் திறக்காது.

ஒரு பொங்கலுக்கு வெள்ளையடிக்க பீரோவை நகர்த்தியபோது, பின்னாலிருந்து ஒரு கேசட் விழுந்தது. யாரோ ஒரு பெண்ணின் வளைகாப்புக்குப் பாடுவதற்காக நதியா வீட்டில் பாடிப் பார்த்தது அதில் பதிவாகி இருந்தது. பழைய டேப் ரிக்கார்டர் பரணில் கிடந்தது. ஓடியது, ஆனால் சத்தம் கூட்டும் பகுதியும் ஸ்பீக்கரும் செத்துப்போயிருந்தன. வெளியே ஆம்ப்ளிஃபயர் வைத்தால்தான் கேட்க முடியும்.

அவருடைய சிநேகிதர் சந்திரநாதன், முசரவாக்கத்தில் நெல் வியாபாரம் செய்கிறவர், கேசட்டில் இருந்ததை ஃபோனில் ஏற்றித் தந்தார். என் கணவர் ஒரு முறை கேட்டுவிட்டு ஃபோனைக் கவிழ்த்து வைத்தார்.

"என்னாபா, புடிக்கலையா?"

"ரிங்டோன் மாதிரி இருக்குதுபா. அவ குரல் இது இல்ல."

"அப்ப கடைல ஒரு நல்ல செட்டா வாங்கிக்கோ."

"கடை டப்பாவுல அவ குரல் வரக்கூடாது. நானே செய்றேன்."

கல்யாணத்துக்கு முன்னால் அவர் மைக் செட் கடையில் வேலை பார்த்தவர். கை மறக்கவில்லை. சாமான் பெயர்களை எனக்குச் சொல்லிக் கொடுத்தார். பதினைந்து வருடத்தில் அவர் என்னை உட்காரவைத்துப் பேசியது அதுதான் முதல் தடவை. எந்த டிரான்சிஸ்டர், எந்தக் கண்டென்சர், அதில் எந்தப் பக்கம் கோடு இருக்க வேண்டும் என்று விளக்குவார். நான் தலையாட்டுவேன். அவர் பேசுவது எனக்குப் பிடித்திருந்தது. எதற்காகப் பேசுகிறார் என்பதுதான் பிடிக்கவில்லை.

கேசட்டைத் தூக்கி எறிந்திருக்கலாமே என்று தோன்றும். எறிந்திருந்தால் அதற்கும் சேர்த்து அழுவார். ஒரு முறை செத்தவளோடு குடித்தனம் நடத்துவதே கஷ்டம். இரண்டு முறை செத்தவளோடு யாராலும் முடியாது.

அதனால் ரிச்சி தெருக் கடையில் சாமான் தெரிந்த அந்த ஆள் கேட்டபோது நான் நிதானமாகவே பதில் சொன்னேன்.

"அக்கா, ஒரிஜினல் வேணுமா, டூப்பு போதுமா? டூப்பு போட்டா ரெண்டு நாள் பாடும், அப்பறம் புட்டுக்கும். அப்பறம் என்னைத் திட்டாத."

"டூப்பே குடுப்பா."

"பார்த்தா தெரியாது. எழுத்தை நகத்தால சுரண்டினா வந்துடும், அவ்வளவுதான்."

"அவரு சுரண்ட மாட்டாரு."

அவர் சுரண்டவில்லை. நான் வாங்கி வந்ததை அவர் ஏன் சந்தேகப்படப் போகிறார். ஞாயிற்றுக்கிழமை ஈயம் வைத்து எல்லாவற்றையும் சேர்ப்பார், சுவிட்சைப் போடுவார், புகை வரும். ஜன்னலைத் திறந்துவிட்டு, நான் டீ கொண்டுபோய்க் கொடுப்பேன். "சென்னைக்காரன் ஏமாத்திட்டான் எல்லம்மா," என்பார். "போனாப் போவுது, அடுத்த தபா வேற கடைல பாக்கறேன்," என்பேன். அடுத்த தடவையும் அதே கடைக்குத்தான் போனேன். அப்படி ஏழெட்டு மாதம் ஓடியது. அந்த ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் இருவரும் ஒரே விஷயத்துக்காக வருத்தப்பட்டோம். என் குடும்ப வாழ்க்கையில் நல்ல காலம் என்றால் அதுதான்.

பிறகு சந்திரநாதன் பழைய ரேடியோக்களைப் பிரித்து எடுத்த அசல் சாமான்களைக் கொண்டுவந்தார். அவர்கள் சமணர்கள், பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டுவிடுவார்கள். அதனால் எங்கள் வீட்டுக்கு வந்தால் மூன்று மணிக்கே எழுந்து கிளம்புகிறவர், அன்று மட்டும் நாலரை வரை உட்கார்ந்திருந்தார். செட் பாடியது.

நதியாவின் குரல் நான் நினைத்த மாதிரி இனிமையாக இல்லை. கொஞ்சம் கரகரப்பு. மேலே போகும்போது தடுமாறினாள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. நன்றாகப் பாடியிருந்தால் ரேடியோ என்று நினைத்துக்கொண்டிருப்பேன். தடுமாறியதால் ஆள் உள்ளே வந்து உட்கார்ந்த மாதிரி இருந்தது.

"அண்ணி அப்படியே எதிர்ல நிக்கிறாங்கபா," என்றார் சந்திரநாதன். கண்ணைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பி, "இந்தம்மாவுக்குத் தண்ணி குடு மணி, வேர்த்துக் கொட்டுது பாரு," என்றார். எத்தனையோ முறை அவருக்கு நான் காபி போட்டுக் கொடுத்திருக்கிறேன். அவருக்கு அவள் அண்ணி, நான் இந்தம்மா.

என் கணவர் இரண்டு பேரையும் பார்க்கவில்லை. பாட்டு முடிந்ததும் சட்டென்று டேப்பை நிறுத்தினார். அதற்குப் பிறகும் எப்போது போட்டாலும் அந்த இடத்தில் நிறுத்திவிடுவார். நடுவில் யாரும் நிறுத்தக் கூடாது. குக்கர் விசில் அடித்தால்கூடக் கோபம் வரும்.

"ஹம் இருக்குது," என்றார். "பின்னால ம்ம்னு ஒரு சத்தம் வந்துக்கினே இருக்குது. இது போனா அவ ரெண்டு வரிக்கு நடுவுல மூச்சு வாங்கறது கேக்கும்."

"டிரான்ஸ்ஃபார்மர் மட்டமா இருக்குதுபா," என்றார் சந்திரநாதன். "நல்லதா ஒண்ணு சுத்தச் சொல்லணும்."

அப்போது என் கணவர் என்னைப் பார்த்தார். என் கையைப் பார்த்தார் என்று சொல்வதுதான் சரி.

"வெளில எதுக்கு? எல்லம்மா கைக்கு எவன் வருவான்?"

அவர் என்னைப் பாராட்டிய ஒரே வார்த்தை அது. இன்னொருத்தி மூச்சு விடுவதைக் கேட்பதற்காகச் சொன்னது.

இரும்புத் தகடும் செம்புக் கம்பியும் பட்டறையிலேயே கிடைத்தன. நடுவில் வைக்கும் மஞ்சள் காகிதத்தைச் சென்னைக்குப் போய் நல்லதாகப் பார்த்து வாங்கினேன். அது சாதாரண விஷயம் இல்லை. உள் சுற்றில் வீட்டுக் கரண்ட் ஓடும், வெளிச் சுற்றிலிருந்துதான் செட்டுக்குப் போகும். இரண்டுக்கும் நடுவில் அந்தக் காகிதம் இருந்தால்தான் ஒன்று மற்றதைத் தொடாது. பட்டறையில் புதிதாகச் சேரும் பெண்களுக்கு நான் முதலில் சொல்லிக் கொடுப்பதே இதைத்தான். மற்ற எதை மறந்தாலும் திட்டு வாங்குவீர்கள், காகிதத்தை மறந்தால் ஆளே போய்விடும் என்பேன்.

நான் மறக்கவில்லை. வைக்கவில்லை.

சுற்று ஒவ்வொன்றும் அவ்வளவு நேர்த்தியாக விழுந்திருந்தது. அவர் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். புடவையின் ஜரிகையைப் பார்க்கிற மாதிரி பார்த்தார்.

அது சித்திரை வெயில். எங்கள் பகுதியில் வீடு கட்டும்போது காம்பவுண்டு ஓரம் குழி வெட்டிக் கரியும் உப்பும் போட்டு, கசியும் கரண்டை மண்ணுக்குள் இழுக்க எர்த் கம்பி இறக்குவார்கள். கோடையில் மண் காய்ந்தால் எர்த் வேலை செய்யாது என்று தினமும் ஒரு குடம் தண்ணீர் அதில் ஊற்றுவோம். வாசல் தெளித்த கையோடு நான் செய்கிற வேலை அது. கரண்ட் கசிந்தால் தானாகவே மெயினை அணைக்கும் டிரிப்பர் வைக்க வேண்டும் என்று அவர் சொல்லிக்கொண்டே இருந்தார், வைக்கவில்லை. அந்த மாதம் நான் எர்த் குழிக்குத் தண்ணீர் ஊற்றவில்லை. ஊரில் தண்ணீர்க் கஷ்டம் இருந்தது உண்மைதான். துளசிக்கு மட்டும் ஊற்றினேன்.

என்றைக்கு நடக்கும் என்று எனக்குத் தெரியாது. கம்பியின் மேல் பூச்சு சூட்டில் எப்போது தேயும் என்று யாராலும் சொல்ல முடியாது. அடுத்த நாளாக இருக்கலாம், நடக்காமலே போகலாம். தேதி எனக்குத் தெரியாததால், அதைச் செய்வது நான் இல்லை என்று வைத்துக்கொண்டேன். செட் புகைந்து போகட்டும் என்றுதான் நினைத்தேன் என்றும் ரொம்ப நாள் எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன். செட்டைப் புகைய வைக்க டூப்ளிகேட் சாமான் போதும். அதை வாங்கத் தெரியாதவளா நான்.

ஹம் போய்விட்டது. மூச்சு கேட்டது. இரண்டாவது வரிக்கும் மூன்றாவது வரிக்கும் நடுவில், சின்னதாக, அவசரமாக. அந்த இடம் வரும்போது அவரும் மூச்சை இழுப்பார். கூடவே செட்டின் இரும்புப் பெட்டி மேல் உள்ளங்கையை வைப்பார், காய்ச்சல் இருக்கிறதா என்று நெற்றியைத் தொட்டுப் பார்ப்பதுபோல. நான் சமையலறை வாசலில் நின்று பார்ப்பேன். என் நெற்றியில் அவர் கை வைத்ததில்லை. எனக்கு அவ்வளவாகக் காய்ச்சல் வந்ததும் இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் குளித்துவிட்டு ஈரக் காலோடு வந்து பாட்டைப் போட்டார். நான் உள்ளே வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். அந்த மூச்சு வரும் இடத்தில் ஒரு சத்தம் கேட்டது. நாற்காலி நகர்ந்த மாதிரி. எட்டிப் பார்த்தேன். கை செட்டின் மேலேயே இருந்தது. எடுக்க முடியவில்லை என்று முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. என்னைப் பார்த்தார். அப்போதாவது என்னைத்தான் பார்த்தார்.

மெயின் சுவிட்ச் என் தலைக்கு மேலேயே இருந்தது. பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. நடுவில் நிறுத்தினால் அவருக்குப் பிடிக்காது என்று நின்றேன். இப்படி எழுதினால் யாரும் நம்பமாட்டார்கள், ஆனால் அந்த நேரத்தில் எனக்கு அது ஒரு நியாயமாகத்தான் தோன்றியது.

பாட்டு முடிந்தது. எப்போதும் அந்த இடத்தில் டேப்பை நிறுத்துகிறவர் நிறுத்தவில்லை. அதனால் அது மேலே ஓடியது. அதற்குப் பிறகு கேசட்டில் என்ன இருக்கிறது என்று நான் கேட்டதே இல்லை. கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு ஓர் இளவட்டப் பையன் குரல், சிரிப்பை அடக்கிக்கொண்டு: "நல்லாத்தான் இருக்குது புள்ள. இன்னொரு தபா பாடு."

அது அவர்தான். அப்படி ஒரு குரல் அவருக்கு இருந்தது எனக்குத் தெரியாது. அதன் பிறகுதான் மெயினை இறக்கினேன்.

போலீஸ்காரர்கள் வந்து மின்கசிவு என்று எழுதிக்கொண்டு போனார்கள். காஞ்சிபுரத்தில் அந்தக் கோடையில் வேறு வீடுகளிலும் இப்படி நடந்திருந்ததாம். சந்திரநாதன் சுடுகாட்டிலிருந்து திரும்பி வந்து, தூணைப் பிடித்துக்கொண்டு அழுதார். "நாந்தான் அண்ணி டிரான்ஸ்ஃபார்மர் மாத்தச் சொன்னேன். என்னை மன்னிச்சிடுங்க," என்றார். என்னைத்தான் அண்ணி என்றார். மன்னித்தேன் என்று சொன்னேன். அவர் இன்னும் அதை நினைத்து உருகிக்கொண்டிருக்கிறார் என்று கேள்விப்படுகிறேன். அவர் குற்றம் எதுவும் இல்லை. நான் செய்தேன். தெரிந்து செய்தேன். சுவிட்சுக்குக் கீழே நின்றுகொண்டு செய்தேன்.

வருஷம் திரும்பியதும் டிரான்ஸ்ஃபார்மரைப் பிரித்து, காகிதம் வைத்துத் திரும்பச் சுற்றினேன். டிரிப்பரும் வைத்தாகிவிட்டது. செட் நன்றாக இருக்கிறது. எனக்கு யார் மேலும் இப்போது பொறாமை இல்லை, போனவள்மேல் என்ன பொறாமை. தினமும் சாயங்காலம் பட்டறையிலிருந்து வந்ததும் கேசட்டைப் போடுகிறேன். அவள் பாடி முடிக்கும் வரை சத்தத்தை முழுவதும் குறைத்து வைத்திருப்பேன். முடிந்ததும் கூட்டுவேன். இன்னொரு தபா பாடச் சொல்லி அவர் கேட்கிறார். என்னைத்தான் கேட்கிறார், வீட்டில் வேறு யார் இருக்கிறார்கள்.