சித்திரைக்கு முந்தியா, பிந்தியா

நல்ல நாள் பார்க்காமல் நான் ஒரு சாக்கு ஏலக்காய்கூட வாங்கியதில்லை ஐயா. போடியில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அப்படிப்பட்டவன், எஸ்டேட்டை விட்டுச் சீமைக்குக் கிளம்பிய துரையிடம் ஆசைப்பட்டு ஒரு பழைய மோட்டார் வண்டியை வாங்கிவிட்டேன்.

வாங்கிய பிறகுதான் வண்டிக்கு ஜாதகம் கணிக்கச் சொன்னேன். ஜோசியர் கண்ணுச்சாமி பஞ்சாங்கத்தைப் புரட்டினார்.

"பிங்கள வருசத்துல செஞ்ச வண்டின்னா யோகம். சித்திரை பொறந்து காளயுக்தில செஞ்சதுன்னா உடையவனைக் காவு வாங்கிரும். எப்பச் செஞ்சாங்கன்னு விசாரிங்க மொதலாளி."

விசாரித்தேன். அந்தக் கொடுமையை எங்கே போய்ச் சொல்ல? என்ஜின் தகட்டில் வெறும் நம்பர்தான் இருந்தது. துரை கப்பலேறிவிட்டார். மதராஸ் கம்பெனிக்கு நான்கு கடுதாசி போட்டதில் ஒன்றுக்குத்தான் பதில் வந்தது: 1918 பிப்ரவரிக்கும் ஜூனுக்கும் நடுவில். சித்திரை அதற்குள்ளேதானே பிறக்கிறது? முந்தியா பிந்தியா என்று கேட்டால் ஒரு பயல் வாய் திறக்கவில்லை. எரிச்சலில் எனக்குச் சோறு இறங்கவில்லை.

வண்டியை விற்க மனம் வரவில்லை. உடையவன் நானாக இல்லாவிட்டால் போதும் அல்லவா? தம்பி சீனிச்சாமி பேருக்கு மாற்றிக் கொடுத்தேன்.

"அண்ணே, நெசமா எனக்கா?" என்று காலில் விழுந்து அழுதான். சின்ன வயதிலிருந்தே அவன்மேல் எனக்குப் பிரியம் அதிகம்.

ஆறு மாதம் போயிற்று. தினமும் அந்த வண்டியில் குரங்கணி மலைக்கு ஏறி இறங்கினான். ஒரு சளிகூடப் பிடிக்கவில்லை. அப்படியானால் என் யோகத்தையா தூக்கிக் கொடுத்துவிட்டேன்? இல்லை, காளயுக்திதான் சமயம் பார்த்துக் கிடக்கிறதா? நாசமாய்ப் போக, மனிதனுக்கு ஒரு பதில் வேண்டாமா?

ஆடி வெள்ளியன்று இருவரும் குரங்கணிக்குப் போயிருந்தோம். அவன் காப்பி குடிக்கப் போன நேரத்தில், பிரேக் கம்பியைப் பிடித்திருந்த ஆணியைப் பாதி உருவி வைத்தேன். பாதிதான் ஐயா. யோக வண்டியாக இருந்தால் அது கழன்றிருக்காது.

"ஏறுங்கண்ணே, வெரசாப் போயிரலாம்" என்றான்.

"எனக்கு இங்க சோலி கிடக்கு அப்பு. நீ முன்னால போ."

மூன்றாவது வளைவில் வண்டி பள்ளத்தில் உருண்டது. இறங்கி அவனை மடியில் கிடத்தியது நான்தான். அழுதேன், பொய்யில்லை. ஆனால் மாதக்கணக்கில் இறங்காத சோறு அன்று இறங்கியது.

கொலை என்று எழுதுகிறீர்கள். எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் அந்த மதராஸ் கம்பெனிக்கும் ஒரு வரி எழுதிப் போடுங்கள் ஐயா, அவர்களுக்கும் தெரியாமல்தானே இருக்கிறது: வண்டி செய்தது சித்திரைக்குப் பிந்தி.