ஏரிக்கரை ரோட்டுத் தண்ணீர் லாரி

மாலை ஏழு மணி. ஏரிக்கரை ரோடு. விளக்குக் கம்பம் நட்டிருந்தார்கள்... விளக்கு போடவில்லை. ஒரு பக்கம் வெடித்துக் கிடக்கும் ஏரி. இன்னொரு பக்கம், வயலாக இருந்து மனையாகிப்போன பொட்டல். நடுவில் ஒரே ஒரு தண்ணீர் லாரி போய்க்கொண்டிருந்தது. ஓட்டியவன் தாவீது.

கொஞ்சம் கிட்டத்தில் வந்து உட்காருங்கள். நம்ம மோசஸுடைய சித்தப்பாதான் அந்தத் தாவீது. மோசஸ் இதோ இருக்கிறான். நான் எங்கேயாவது கூட்டிச் சொன்னால் இங்கேயே மறுக்கட்டும்.

எழுபத்தைந்தாம் வருஷம். மழை ஏமாற்றிய வருஷம். ஊர், திருவள்ளூருக்கும் பட்டணத்துக்கும் நடுவே, ரயில் பாதையை ஒட்டி. பேர் வேண்டாம். கம்பெனிக்கு மேல் கம்பெனி வந்தது. நாற்று நட்டவர்கள் ஷிப்டுக்குப் போனார்கள். பஞ்சாயத்து நகராட்சி ஆயிற்று. போர்டை மாற்றினார்கள், ஆபீசுக்குச் சுண்ணாம்பு அடித்தார்கள், வரியை ஏற்றினார்கள். தண்ணீர்? ஏரிக்கரைக் காலனிக்கு ஒரே குழாய். திறந்தால் காற்றுதான் வரும். ஸ்ஸ்ஸ் என்று, நம்மைப் பார்த்துச் சிரிப்பது மாதிரி.

அதனால்தான் லாரி. காலனிக்கென்று வந்த லாரி. ஆனால் அது எங்கே நிற்க வேண்டும் என்று சொல்பவர் ஓவர்சியர் ஆதிகேசவன். காலனியைத் தாண்டிப் புது மனைகளில் பங்களாக்கள் எழும்பிக்கொண்டிருந்தன. புதுக் கான்கிரீட்டை நனைக்கத் தண்ணீர் வேண்டும். லாரி அங்கே போயிற்று. மனுஷர்கள் நாக்கு வறண்டு கிடக்க, சிமெண்டுக்குத் தாகம் தீர்த்தார்கள்.

தாவீதும் அந்தக் காலனிக்காரன்தான். தன் வீட்டுச் சந்து முனையைத் தாண்டித்தான் தினமும் லாரியை ஓட்டிக்கொண்டு போவான். தலையைத் திருப்பமாட்டான்.

ஒரு நாள் சாயங்காலம், காலனி முனையில் லாரி கொஞ்சம் மெதுவாயிற்று. பெண்கள் ஓடி வந்தார்கள். முன்னால் ஓடி வந்தவள் கன்னியம்மா. தாவீதுக்கு எதிர்வீடு. அவன் பெண்சாதி கிரேஸுக்கு உயிர்ச் சிநேகிதி. பின்பக்கக் குழாயை எட்டிப் பிடித்துவிட்டாள். தாவீதின் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஆதிகேசவன் சொன்னார்:

"நிக்காத. ஓட்டுய்யா."

"சார், பொம்பளைங்க தொங்கிக்கினு கீறாங்க..."

"ஓட்டுன்னா ஓட்டு!"

தாவீது ஓட்டினான். ஒரு குலுக்கல். அவ்வளவுதான்... சின்னக் குலுக்கல். கல் மேல் ஏறினமாதிரி.

திருட்டுத்தனமாக லாரியில் தொற்றி, தானே விழுந்து செத்தாள் என்று எழுதினார் ஆதிகேசவன். தாவீது அதற்குச் சாட்சிக் கையெழுத்துப் போட்டான். போடாவிட்டால் வேலை போய்விடும் என்றார். போட்டான். கிரேஸ் அன்றிலிருந்து அவனோடு பேசவில்லை. சோறு போடுவாள். பேசமாட்டாள்.

கன்னியம்மாவைப் புதைத்த ஈரம்கூடக் காயவில்லை. லாரி மறுபடி பங்களாவுக்குப் போயிற்று.

அப்போதுதான் ஆரம்பித்தது.

ஏரிக்கரை ரோட்டில் திரும்பியதும் பின்னால் சத்தம். டொங்... டொங்... டொங்... குடத்தால் டேங்கில் இடிக்கிற சத்தம். அவசரமே இல்லாமல். நிறுத்தி இறங்கிப் பார்த்தான். யாரும் இல்லை. காய்ந்து பொடியாய்க் கிடந்த ரோட்டில் ஈரமண் வாசனை மட்டும். ஏறி உட்கார்ந்தான். டொங்... டொங்...

பங்களாவில் குழாயைத் திறந்தார்கள். சொட்டுத் தண்ணீர் இல்லை. ரொப்பிக்கொண்டு வந்த டேங்க். ஒழுகின தடம் ரோட்டில் எங்கேயும் இல்லை. மறுநாளும் அப்படியே. அதற்கு மறுநாளும். சத்தம் கேட்டதைத் தாவீது ஆபீசில் சொல்லிப் பார்த்தான்.

ஆதிகேசவன் ஆபீசில் எல்லார் முன்னாலும் கத்தினார். "காலனிக்காரன் புத்திய காட்டிட்டான் பாரு! வழியில நிறுத்தி உன் ஆளுங்களுக்கு ஊத்திக் குடுக்கிறியா? இன்னிக்கி நான் வரேன். உன் பேய் இன்னா பண்ணுதுன்னு பாக்கறேன்."

ஊற்றிக் கொடுத்திருந்தால்தான் என்ன என்று தாவீதுக்கு நெஞ்சு கொதித்தது. ஊற்றிக் கொடுக்கவில்லையே என்று அதைவிட அதிகமாகக் கொதித்தது.

அன்று ஏழு மணிக்கு ஆதிகேசவன் ஏறி உட்கார்ந்தார். காலனி தாண்டியது. ஏரிக்கரை ரோடு வந்தது.

டொங்.

"நிறுத்து," என்றார் ஆதிகேசவன். "பாத்தியா? ஒளிஞ்சிக்கினு வராளுங்க." டார்ச்சை எடுத்துக்கொண்டு இறங்கினார். செருப்புச் சத்தம் லாரியைச் சுற்றிக்கொண்டு பின்னால் போயிற்று. நின்றது.

"யாருடி அது? எறங்குடி கீழ!"

அப்புறம் குரல் இறங்கிவிட்டது. "ஏய்... நீ..."

சத்தமே இல்லை.

பிறகு டேங்குக்குள் 'தொபுக்'கென்று ஏதோ விழுந்தது. தண்ணீர் அலம்பியது. லாரியே ஆடியது. உள்ளேயிருந்து கையால் தட்டுகிற சத்தம். தாவீதின் முதுகுக்குப் பின்னால்... தகரத்துக்கு அந்தப் பக்கம். தட்... தட்தட்... தட்.

தாவீது உடனே இறங்கவில்லை.

பயத்தாலா, கோபத்தாலா? மோசஸிடம்கூட அவன் அதைச் சொன்னதில்லை. ஸ்டீயரிங்கை இறுகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். 'ஓட்டுன்னா ஓட்டு' என்ற குரல்தான் காதில் இருந்தது. தட்டுகிற சத்தம் மெதுவானது. நின்றது. அப்புறம்தான் இறங்கி, ஏணியில் ஏறினான்.

டேங்க் மூடியின் போல்ட் வெளியிலிருந்து இறுகப் பூட்டியிருந்தது. துருவேறிய போல்ட். சுத்தியால் அடித்துத்தான் கழற்ற முடிந்தது. திறந்ததும் உள்ளேயிருந்து அனல் மாதிரி சூடு அடித்தது. தீக்குச்சி கிழித்துப் பார்த்தான். டேங்க் காய்ந்துபோய்க் கிடந்தது. தரையில் தூசி. அந்தத் தூசியின் மேல் ஆதிகேசவன். சட்டை, வேட்டி, தலைமயிர் எல்லாம் சொட்டச் சொட்ட நனைந்து... திறந்த வாயிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டே இருந்தது.

டாக்டர் அறுத்துப் பார்த்துவிட்டு, மூழ்கிச் செத்தார் என்றார். ஏரியில் தவறி விழுந்துவிட்டார் என்று எழுதிக்கொண்டார்கள். அந்த வருஷம் அந்த ஏரியில் மாடு மேய்ந்தது! ஒரு ஆள்கூடக் கேட்கவில்லை. கன்னியம்மாவுக்கு ஒரு பொய் எழுதினவர்களுக்கு ஆதிகேசவனுக்கும் ஒரு பொய் எழுதத் தெரியாதா? தாவீதிடம் சாட்சிக் கையெழுத்துக் கேட்டார்கள். இந்தத் தடவை அவன் பேனாவைத் தூக்கி அவர்கள் மேஜையிலேயே வீசிவிட்டு வந்துவிட்டான்.

அதெல்லாம் பிற்பாடு. அன்று அவன் லாரியை அங்கேயே விட்டுவிட்டுக் காலனிக்கு ஓடினான். யாரிடமாவது சொல்ல வேண்டும்... மூச்சு முட்ட ஓடினான்.

காலனியில் யாரும் தூங்கவில்லை. ஒரே சந்தடி. வாசலுக்கு வாசல், காலியாக வைத்திருந்த குடம், அண்டா, பானை எல்லாவற்றிலும் தண்ணீர். விளிம்பு தட்ட நிறைந்து நின்றது. பிள்ளைகள் மொண்டு மொண்டு குடித்தார்கள். பொம்பளைகள் அழுதுகொண்டே முகம் கழுவினார்கள். எங்கிருந்து வந்தது என்று ஒருத்தருக்கும் தெரியாது. யாரும் கேட்கவும் இல்லை.

தாவீது தன் வீட்டுச் சந்துக்குள் நுழைந்தான். குறுகல் சந்து அது. சைக்கிளையே தள்ளிக்கொண்டுதான் வர வேண்டும்.

கிரேஸ் வாசலில் நின்றாள். இத்தனை நாளுக்கு அப்புறம் அன்றுதான் அவனிடம் வாயைத் திறந்தாள்.

"எல்லார் ஊட்டுலயும் ரொம்பிக் கீது. நம்ம குடத்தப் பாரு."

வாசற்படிக்கு முன்னால் குடம், லாரிச் சக்கரம் ஏறினமாதிரி, தட்டையாய் நசுங்கிக் கிடந்தது. டயர்த் தடம் இன்னும் ஈரமாய் இருந்தது.