எந்த மைமூனாவை வெட்டுவது?

அவைக்கு அணியாக அமர்ந்திருக்கும் தலைவர் சிவகுருநாதன் அவர்களே! அவருக்கு வலமும் இடமுமாக வீற்றிருக்கும் நடுவர்கள் பாக்கியரத்தினம் ஆசிரியை அவர்களே, மூதூர்ப் பாடசாலை அதிபர் அபூதாஹிர் அவர்களே! மூதூரிலிருந்து லோஞ்சிப் படகு ஏறி வந்த பெரியோர்களே! கிண்ணியாத் துறை கடந்து வந்த தாய்மார்களே! கதிரை கிடைக்காமல் கதவோரம் நிற்கும் காளையரே! எல்லோருக்கும் என் வணக்கம், எல்லோருக்கும் என் ஸலாம்!

‘நான் யார்?’ என்று எங்கள் வாசகர் வட்டம் நடத்திய கட்டுரைப் போட்டிக்கு இன்று பரிசளிப்பு. பரிசு மேசையில் இருக்கிறது. பரிசுக்குரியவர் சபையில் இருக்கிறார். இரண்டையும் சேர்க்கத்தான் இன்னும் ஏலவில்லை! “நாங்கள் முடிவெடுக்கும் மட்டும் நீர் கொஞ்சம் பேசிக்கொண்டு நில்லும் ஐசே” என்றார் தலைவர். எதைப் பற்றிப் பேசுவதென்று அவர் சொல்லவில்லை. ஆகவே அந்தக் கட்டுரையைப் பற்றியே பேசப்போகிறேன். ஏன் தலைவரே, இருமுகிறீர்கள்? சோடா வேண்டுமா?

எழுதியவர் மைமூனா. கிண்ணியாவில் பிறந்தவர், நகரத்துத் தொலைபேசி நிலையத்தில் அழைப்புகளை இணைத்துக் கொடுக்கும் வேலை. போட்டியின் சட்டப்படி பெயரை மறைத்து இலக்கம் போட்டுக் கொடுத்தோம். கையெழுத்துப் பிரதியோ ஒன்றே ஒன்று. தலைவரும் நடுவர்களும் என்ன செய்தார்கள் தெரியுமா? தாளைப் பிரித்து, ஆளுக்கொரு பங்காக வாசித்தார்கள்! வாசித்து முடித்ததும் தொடங்கியது கச்சேரி.

“இது எங்கட அன்புவழிபுரத்துத் தமிழ்ப் பிள்ளை, சந்தேகமே இல்லை” என்றார் தலைவர்.

“என்ன கதை சேர் இது? அண்ணன் எண்டு சொல்லாம மூச்சுக்கு மூச்சு காக்கா எண்டு கூப்பிடுது. இது கிண்ணியா முஸ்லிம் பிள்ளை” என்றார் ஆசிரியை.

“ரெண்டு பேரும் சும்மா இருங்க. இது யாழ்ப்பாணத்தில இருந்து மாற்றலாகி வந்த புள்ள” என்றார் மூதூர் அதிபர்.

சிரிக்காதீர்கள், மூவரும் வாசித்தது சரியாகத்தான்! அந்தக் கட்டுரை ஒரு வேலைநாள். ஒவ்வொரு அழைப்பும் ஒரு பந்தி. அரச அலுவலகமான கச்சேரியிலிருந்து அழைப்பு வந்தால், “தயவுசெய்து சற்றுப் பொறுத்திருங்கள் ஐயா.” மூதூர் முதலாளி வந்தால், “பொறுங்க காக்கா, இந்தா லைன் வருது.” யாழ்ப்பாணத்து நிலையத்தில் இருக்கும் பெண் வந்தால், “அக்கா, உங்கட லைன் இரையுது, என்னெண்டு பாருங்கோ.” ஒரே நாற்காலி, ஒரே நாக்கு, ஓராயிரம் உறவு!

நான் இன்ன இனம் என்று அவர் ஒரு வரியும் எழுதவில்லை. எழுதியிருந்தால் என்ன நடந்திருக்கும்? முதல் வரியிலேயே நாம் அவருக்கு ஒரு பெயரை ஒட்டிவிட்டு, மிச்சத்தை வாசிக்காமலே மடித்து வைத்திருப்போம். அவர் சொல்ல மறுத்ததை அவருடைய நடை சொல்கிறது. அடுக்கடுக்காக வரும் அந்த அழைப்புகள் சொல்கின்றன. உண்மையைச் சொன்னால், வாசிக்கும்போது எனக்குப் பொறாமையாக இருந்தது.

ஆனால் நடுவர்கள் இன்று பின்னேரம் அவரை அழைத்து என்ன சொன்னார்கள்? ஒரே ஆளாக, ஒரே நடையில் திருத்தி எழுது. முன்னுரையும் முடிவுரையும் சேர். முதற்பரிசும் உனக்கு, வட்டத்தின் மலரில் முதற்பக்கமும் உனக்கு. மாட்டாயென்றால் இரண்டும் இல்லை. அந்தப் பிள்ளை என்ன சொன்னது?

“திருத்துறன் சேர். எந்த மைமூனாவ வெட்டுறதெண்டு மட்டும் நீங்களே சொல்லுங்க.”

பின்னேரம் கேட்ட கேள்வி. இன்னும் பதில் வரவில்லை. அதனால்தான் நான் பேசிக்கொண்டு நிற்கிறேன்!

முடிவுரை எங்கே என்று கேட்கிறீர்களே, கடைசிப் பந்தியை வாசித்தீர்களா தலைவரே? அது உங்கள் பங்கில் இல்லையா? சரி, இப்போது கேளுங்கள். மாலையில் ஓர் அழைப்பு. கிண்ணியாவில் ஒரு கடையிலிருந்து உம்மா பேசுகிறா, வாழ்நாளில் முதன்முறையாக. மைமூனா வழமைபோல், “வணக்கம், திருகோணமலை நிலையம்” என்கிறார். உம்மாவின் குரல் தயங்கித் தயங்கி வருகிறது: “தங்கச்சி, அங்க வேல செய்யிற என்ட மகளக் கொஞ்சம் கூப்பிட்டுத் தாங்க.”

அவ்வளவுதான் கட்டுரை. பெற்ற தாய்க்கே பிள்ளையின் குரல் பிடிபடவில்லை! இதற்குக் கீழே எந்த முடிவுரையை எழுதுவது? எவர் எழுதுவது? எந்த மையால் எழுதுவது?

ஆ! தலைவர் எழும்புகிறார். நடுவர்கள் தலையாட்டுகிறார்கள். ஒரு சொல்லையும் வெட்டாமலா? வெட்டாமல்! கைதட்டுங்கள் கதவோரக் காளையரே, கூரை கழலட்டும்!

மைமூனா, மேடைக்கு வாங்க. பரிசை வாங்கி, அந்தக் கட்டுரையை எல்லாக் குரலிலும் நீங்களே வாசியுங்க. முன்வரிசையில் உங்கள் உம்மா இருக்கிறா. என்ன உம்மா, இந்தமுறை மகளை அடையாளம் தெரியும்தானே?

கேட்டீர்களா சபையோரே, உம்மா சொல்கிறா: “முதல்ல அவ பேசட்டும், பாப்பம்!”

அதற்கு மேல் நான் பேசலாமா? பொறுமையாகக் கேட்ட உங்களுக்கு நன்றி, இருமிய தலைவருக்கும் நன்றி. வணக்கம், ஸலாம்! ஒலிவாங்கி இதோ.