மாரீன் குவில்டி விட்டுச்சென்ற புல்

மேடையில் வீற்றிருக்கும் நகராட்சித் தலைவர் திரு. ராய் பெர்ரிமன் அவர்களே, வரிங்கா கால்பந்துக் கழகத் தோழர்களே, தாயை இழந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் தம்பி டெக்லன் அவர்களே, ஊர் மக்களே, வணக்கம்.

நம் மாரீன் போய்விட்டார். புல் ஆய்வாளர் டாக்டர் மாரீன் குவில்டி போய்விட்டார். ஆறுதல் சொல்ல என்னை அழைத்தீர்கள். என்னிடம் ஆறுதல் இல்லை. ஆய்வுப் பண்ணையில் அவரோடு வேலை பார்த்தவன் என்ற முறையில், நடந்ததைச் சொல்கிறேன்.

அந்தப் பெரும் வறட்சியில் நம் மைதானத்துக்குத் தண்ணீரை நிறுத்தினார்கள். தரை கல்லானது. ஆட்டத்தில் அந்தக் கல்லில் விழுந்துதான் டெக்லனின் கழுத்து முறிந்தது. அதுவரை கோதுமை ரகங்களை உருவாக்கிவந்த தாய், அதன்பின் புல்லுக்கு மாறினார். மழையின்றிப் பிழைக்கும் புல், விழுகிற பிள்ளையைத் தாங்கும் புல். வேறெதைக் கேட்டார் அவர்?

கல்லறைத் தோட்டங்களிலும் ரயில் பாதையோரங்களிலும் காய்ந்து சாகாமல் நின்ற அருகம்புற்களைத் தேடிக் கொண்டுவந்து கலப்பினம் உருவாக்கினார். கோடையில் பாத்திகள் கருகியபோது மனம் கேட்காமல் நான் குழாயைத் திறக்கப் போனேன்.

"கைய எடு டார்சி. சாகுறது சாகட்டும். எது நிக்குதுன்னு பாக்கத்தானே இருக்கோம்" என்றார்.

'புல்லைக் கொல்ற டாக்டர்' என்று ஊர் அவருக்குப் பெயர் வைத்தது. அவரும் சேர்ந்து சிரித்தார்.

கடைசியில் ஒரு பாத்தி நின்றது. சுற்றிலும் எல்லாம் வைக்கோலாய்க் கிடக்க, அது மட்டும் பச்சையாய் நின்றது. டெக்லனைச் சக்கர நாற்காலியோடு அழைத்துவந்து, அவர் கையை எடுத்து அந்தப் புல்லின்மேல் வைத்தார். டெக்லனுக்கு விரல்களில் உணர்வில்லை.

"எப்படிம்மா இருக்கு?" என்று அம்மாவையே கேட்டார்.

"மெத்து மெத்துன்னு இருக்குடா" என்றார் மாரீன்.

அடுத்த மாதமே நகராட்சி மைதானத்தில் பிளாஸ்டிக் புல்லை விரித்தது. தலைவர் அவர்களே, மாரீன் உங்களைத் தேடி வந்தது நினைவிருக்கிறதா? இதற்குத் தண்ணீரே வேண்டாம் என்று விளக்கினீர்கள். "எம் புல்லும் தண்ணி கேக்கலியே, ராய்" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தார். சென்ற புதன்கிழமை, வெயிலில், அந்தப் பாத்தியருகே விழுந்தார். மாரடைப்பு என்றார்கள். நான் அப்படி நினைக்கவில்லை.

இப்போது பண்ணையும் விற்றாயிற்று. திங்கட்கிழமை உழுகிறார்கள். அந்தப் புல் விதை வைக்காது. வேரோடு பெயர்த்து நட்டால்தான் உண்டு. வாங்க ஆளில்லை, நட மைதானமில்லை. அவர் பணியைத் தொடர்வோம் என்று நான் இங்கே உறுதிகூற வேண்டும். எதை நம்பிக் கூறுவேன்?

நாளை விடிந்ததும் மண்வெட்டியோடு பண்ணை வாசலில் நிற்பேன். வீட்டு முன்னால் கொஞ்சம் மண் உள்ளவர்கள் வாருங்கள், கொண்டுபோய் நடுங்கள். வேர் பிடிக்கும்வரை தண்ணீர் ஊற்றுங்கள், பிறகு நிறுத்திவிடுங்கள். அது பிழைக்குமா என்று என்னைக் கேட்காதீர்கள். அதைச் சொல்லத் தெரிந்தவரைத்தான் அடக்கம் செய்துவிட்டு வந்திருக்கிறோம்.