ஸ்வாதியின் வகுப்புக்கு ஒரு மலை

ராதிகா: ...அதான் சொல்றேன்ல ஜோதியக்கா, குளிருன்னா அப்படி ஒரு குளிரு!

நாகஜோதி: குளிர விடு. நாளைக்கு லீவுல ஊருக்குப் பறக்குறவ நீ. ஸ்வாதியோட டீச்சர் உன்ன வகுப்புல நிக்க வச்சு குளிரப் பத்தியா கேக்கப் போறாங்க? மலையச் சொல்லு.

ராதிகா: அந்தக் கழுதை வாய வச்சுக்கிட்டு சும்மா இருந்தாளா... ‘எங்கம்மா மேடம் வீட்டோட சுவிட்சர்லாந்து போறாங்க, ஆல்ப்ஸ் மலையப் பாக்கப் போறாங்க’ன்னு பள்ளிக்கூடம் பூரா தமுக்கடிச்சுட்டா. இப்ப நான் உளறுனா பிள்ளைக்குத்தான் அவமானம்.

நாகஜோதி: அப்ப நான்தான் டீச்சர். யல்லா, எந்திரி.

ராதிகா: பார்க்குல எல்லாரும் பாக்குறாங்கக்கா...

நாகஜோதி: இந்தக் குவைத்து ஃபஹாஹீல்ல நம்மள யாரு பாக்குறா? உங்க மேடம் பிள்ளைங்களும் எங்க மேடம் பிள்ளைங்களும் ஊஞ்சல விட்டு இறங்காதுங்க. சொல்லு, ஆல்ப்ஸ்லயே உசந்த மலை எது?

ராதிகா: மேட்டர்ஹார்ன்!

நாகஜோதி: போச்சு. மோன் பிளாங்க். பிரான்சுக்கும் இத்தாலிக்கும் நடுவுல நிக்குது. சுவிட்சர்லாந்துலயே இல்ல.

ராதிகா: உசரம் கெடக்குது... மேட்டர்ஹார்ன் அழகு அதுக்கு வருமா? நாலு பக்கமும் அருவாளால சீவுன மாதிரி... உச்சி மட்டும் லேசா ஒருக்களிச்சு... சொந்தபந்தம் யாரும் வேணாம்னு தனியா நிக்கும்க்கா. இந்தப் பக்கம் சரிஞ்சா சுவிஸ், அந்தப் பக்கம் சரிஞ்சா இத்தாலி...

நாகஜோதி: அப்படிப் போடு! இதச் சொன்னா டீச்சரே கை தட்டும்.

ராதிகா: ரூம் ஜன்னலத் திறந்தா எதுக்க அதான். ஒட்டுனாப்புல ஐகர், மோங்க், யுங்ஃப்ராவ்...

நாகஜோதி: நில்லு. எந்த ஊரு ஜன்னல்?

ராதிகா: ஜெர்மாட்...

நாகஜோதி: ஜெர்மாட்ல நின்னா ஐகர் எப்படிடி தெரியும்? அந்த மூணும் வேற திக்குல, அண்ணன் தம்பி தங்கச்சியாட்டம் வரிசையா நிக்குதுங்க. ரயிலேறிப் போகணும்.

ராதிகா: ...பக்கத்துல பக்கத்துலதானக்கா இருக்கு?

நாகஜோதி: படம் போட்டு விக்கிற, ஃப்ரிட்ஜ்ல ஒட்டுற காந்தத்துலதான் அப்படி இருக்கும். இடம் பத்தாம எல்லா மலையையும் ஒண்ணா அடைச்சிருப்பான். சரி சரி, மூஞ்சியத் தொங்கப்போடாத.

ராதிகா: ஆமா, உங்க மேடம் வீட்டோட ஓமான்ல சலாலா போய் தூறல்ல நனைஞ்சுட்டு வந்தவங்களுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்?

நாகஜோதி: யூடியூப் எதுக்கு இருக்கு...

ராதிகா: நானும் அதுலதான்... இல்ல, நான் நேர்ல... அக்கா, அந்தப் பிள்ளைங்க ஒண்ணு கேட்டா என்ன செய்வேன்? ‘மலைய மொதமொத பாத்தப்ப எப்படி இருந்துச்சு?’ன்னு... அதுக்கு மட்டும் எனக்கு வாய் வரல.

நாகஜோதி: கேட்டுக்க. விடியுறதுக்கு முன்னாடி பாப்பாவுக்குப் பால் கலக்க எந்திரிச்சேன்னு சொல்லு. ஊரு பூரா இருட்டு. உச்சி மட்டும் திடுக்குன்னு செவக்கும்... பழுக்கக் காய்ச்சுன இரும்பாட்டம். அந்தச் செவப்பு மெல்ல மெல்ல கீழ இறங்கும்... கையில இருக்குற பால் ஆறிப்போனது கூடத் தெரியாது. அழுக வரும். ஏன்னு தெரியாது.

ராதிகா: அக்கா... இது யூடியூப்ல இல்லயே...

நாகஜோதி: நான் சலாலா போகலடி. ஜெர்மாட் ஸ்டேஷன்ல உங்க மேடத்தப் பாத்தேன்... சின்னவன அவங்களே இடுப்புல தூக்கிக்கிட்டு நின்னாங்க. கூட்டம் பூரா உன்னத் தேடுனேன், காணோம். அப்புறம் எந்த வாயால வந்து உங்கிட்ட, நான் மலையப் பாத்தேன்னு சொல்லுவேன்?